பெயர் முன்வைத்தலும் பேறு பெறுதலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

சொற்பொழிவு ஆற்றத் தகுந்த புலமையுடையோர் பலர் இங்கிருக்க, மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தாவாகிய என்னை மேடையில் ஏற்றியது செயலாளர் அவர்களின் அன்பையே காட்டுகிறது. இலக்கியம் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் விண்ணப்பமும் கடிதமும் கோப்பும் இருபது ஆண்டுகளாக என் கையில் புழங்குகின்றன. நம் காலனிப் பிள்ளைகள் வேலைக்கும் மேற்படிப்புக்கும் எழுதும் ஆங்கில விண்ணப்பங்களைப் பார்த்துத் தருவதும் என் வழக்கம். அவற்றில் பலரும் இடறக் கண்ட ஒரு சொல்லைப் பற்றியே இன்று பேசுகிறேன். ‘நாமினேட்’ என்பது அச்சொல்.

இலத்தீனில் பெயரைக் குறிக்கும் ‘நோமென்’ என்பதன் வழி வந்தது இது. பெயர் சொல்லுதல் என்பதே இதன் அடிப்படைப் பொருள். எதற்காகப் பெயர் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துப் பொருள் மூன்றாகக் கிளைக்கிறது. விருதுக்கோ தேர்தலுக்கோ ஒருவர் பெயரைச் சொன்னால் நாம் அதனை முன்மொழிதல் அல்லது பரிந்துரைத்தல் என்போம். அதிகாரம் உடையவர் ஒருவரைப் பதவியில் அமர்த்தினால் நியமித்தல் என்போம். நமக்குப் பின் பணம் யாரைச் சேர வேண்டும் என்று எழுதி வைத்தால் அது வாரிசு நியமனம். தமிழில் தனித்தனியே நிற்கும் இம்மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவதால்தான் நம்மவர்க்குக் குழப்பம் நேருகிறது.

முதலில் விருதை எடுத்துக்கொள்வோம். ‘நாமினேட்டட் ஃபார்’ என்றால் பெயர் முன்வைக்கப்பட்டது என்ற அளவே பொருள். விருது கிடைத்தது என்று பொருளன்று. நோபல் சமாதானப் பரிசுக்கு மகாத்மா காந்தியின் பெயர் 1937, 1938, 1939, 1947, 1948 ஆகிய ஐந்து ஆண்டுகளில் முன்வைக்கப்பட்டது. பரிசு அவருக்குக் கிட்டவில்லை. அதனால் அவர் பெருமை குன்றியதும் இல்லை. நம் சர் சி. வி. இராமன் கல்கத்தாவில் அரசாங்கக் கணக்கு இலாகாவில் பணிபுரிந்துகொண்டே ஆராய்ச்சி செய்தவர். அவர் பெயரைப் போர், ரதர்போர்டு போன்ற பேரறிஞர்கள் முன்வைத்தார்கள். 1930-இல் பரிசும் கிடைத்தது. ஆகவே காந்தியடிகளை ‘நாமினேட்டட் ஃபார்’ என்றும், இராமனை ‘அவார்டட்’ என்றும் எழுதுதல் வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. நோபல் சமாதானப் பரிசுக்குப் பல நாட்டுப் பாராளுமன்ற உறுப்பினர்களும், சில துறைப் பேராசிரியர்களும், முன்பு பரிசு பெற்றோரும் பெயர் அனுப்பலாம். அனுப்பியவர் யார், பெயர் யாருடையது என்பதை நோபல் குழுவினர் ஐம்பது ஆண்டுக் காலம் வெளியிடுவதில்லை. தம் பெயரைத் தாமே அனுப்பினால் ஏற்பதும் இல்லை. நம் நாட்டுப் பத்ம விருதுகளுக்கோ பொதுமக்களில் எவரும் பெயர் அனுப்பலாம்; தம் பெயரைத் தாமே அனுப்பவும் வழியுண்டு. எனவே ஒருவர் ‘நாமினேட்டட்’ என்று சொல்லிக்கொண்டால், யாரால் என்று கேட்பதே முறை.

இந்த வேறுபாடு நம் முன்னோர் அறியாததன்று. பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு குடவோலை முறையை விளக்குகிறது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். ஓலை குடத்துள் விழுந்த மாத்திரத்தில் ஒருவர் வாரிய உறுப்பினர் ஆகிவிடவில்லை. வெளியே வந்த ஓலைக்குரியவரே உறுப்பினர். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடவே மாட்டார்களாம். நம் பொருளாளர் அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. கணக்கை இன்று காலையே ஒப்படைத்துவிட்டார்.

இரண்டாவது, பதவி. ‘நாமினேட்டட் டு’ என்று வந்தால் பெரும்பாலும் ஆள் அமர்த்தப்பட்டாயிற்று என்று கொள்ளலாம். அரசியல் சட்டத்தின் 80-ஆம் பிரிவின்படி ராஜ்ய சபைக்குப் பன்னிருவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். எழுத்தாளர் ஆர். கே. நாராயண் 1986-இலும், இசையமைப்பாளர் இளையராஜா 2022-இலும் அவ்வாறு நியமனம் பெற்றவர்கள். லோக் சபைக்கு ஆங்கிலோ-இந்தியர் இருவரை நியமிக்கும் வழக்கம் 2020-இல் முடிவுற்றதை ரயில்வேக் குடும்பத்தார் அறிவீர்கள். நம் அலுவலகத்தில் ‘பயிற்சிக்கு நாமினேட் செய்யப்பட்டுள்ளீர்’ என்று தாள் வந்தால் அது பாராட்டன்று, உத்தரவு. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இவற்றோடு அலுவலகச் சொற்கள் சிலவும் உண்டு. விண்ணப்பத்தின் மேல் ‘ஃபார்வர்டட்’ என்று மட்டும் மேலதிகாரி எழுதினால் தாளை மேலே அனுப்பினார் என்பதே பொருள். ‘ஃபார்வர்டட் அண்ட் ரெகமெண்டட்’ என்று எழுதினால்தான் தம் ஆதரவையும் சேர்த்து அனுப்பினார் என்றாகும். ‘ஷார்ட்லிஸ்ட்’ என்பது பலரைக் கழித்து நிறுத்திய சிறு பட்டியல். ‘பேனல்’ என்பது தேறியவர் பட்டியல். அதில் பெயர் வந்தாலும் பதவி உயர்வு உத்தரவு கைக்கு வரும்வரை பழைய நாற்காலிதான்.

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று கேட்பீர்கள். வேறு ஊரில் என்னோடு பணியாற்றிய நண்பரின் மகனைப் பற்றிச் சொல்கிறேன். கல்லூரியில் சிறந்த மாணவர் விருதுக்கு மூவர் பெயரை முன்வைத்தார்கள். அவர்களில் அவனும் ஒருவன். விருது வேறொருவனுக்குப் போயிற்று. வேலைக்கு எழுதிய விண்ணப்பத்தில் அவன் ‘நாமினேட்டட் பெஸ்ட் ஸ்டூடண்ட்’ என்று எழுதினான். படிப்பவர்க்கு, சிறந்த மாணவனாக அறிவிக்கப்பட்டவன் என்றே தோன்றும். நேர்காணலில் விருதுச் சான்றிதழைக் கேட்டார்கள். அவனிடம் இல்லை. பொய் சொல்லும் எண்ணம் அவனுக்குக் கடுகளவும் கிடையாது. ஆயினும் அதன் பிறகு அவர்கள் தன்னைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது என்று தாயாரிடம் சொல்லிக் கண் கலங்கினானாம். வேலையும் கிடைக்கவில்லை.

‘மூவரில் ஒருவனாகச் சிறந்த மாணவர் விருதுக்கு நாமினேட்டட்’ என்று எழுதியிருந்தால் உண்மையும் நின்றிருக்கும், பெருமையும் நின்றிருக்கும். ஆதலால் மாணவச் செல்வங்களே, ஆங்கிலத்தில் எழுதுமுன் செய்தியைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பரிந்துரைத்தார்களா, நியமித்தார்களா, வழங்கினார்களா என்று தெளிந்தபின் எழுதுங்கள். யாரால், எதற்கு, எந்த ஆண்டில் என்ற மூன்றையும் சேருங்கள். முடிவு வரவில்லையெனில் ‘ஹேவ் பீன் நாமினேட்டட்’, முடிவு வந்து விருது பிறர்க்குப் போயிருந்தால் ‘வாஸ் நாமினேட்டட்’. வாக்கியத்தின் காலமும் உண்மை பேச வேண்டும்.

மூன்றாவது பொருள் பெரியவர்களுக்கு. பிராவிடண்ட் ஃபண்டு, கிராஜுவிட்டி, பாங்குக் கணக்கு, இன்ஷூரன்ஸ் ஆகியவற்றில் ‘நாமினி’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பணியில் சேர்ந்த நாளில் அவசரமாக நிரப்பிவிட்டுப் பின்னர் அதை நாம் நினைப்பதே இல்லை. திருமணம் நடக்கிறது, குழந்தைகள் பிறக்கிறார்கள், பெற்றோர் மறைகிறார்கள். தாளில் மட்டும் பழைய பெயரே நிற்கிறது. அவ்வாறு நின்ற ஒரு பெயருக்காகக் கைக்குழந்தையோடு பல மாதம் அலுவலகப் படியேறி இறங்கிய பெண்மக்களை என் மேசைக்கு எதிரே கண்டிருக்கிறேன். சொந்த ஊரும் உறவும் தொலைவிலிருக்கும் நம் போன்றவர்க்கு இது பெருந்துன்பம். விழா முடிந்து வீடு திரும்பியதும் அந்தத் தாள்களை எடுத்துப் பாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால் எந்த மாலையிலும் என் குவார்ட்டர்ஸுக்கு வரலாம். படிவம் நிரப்பித் தருகிறேன்.

சற்று நேரத்தில் புதிய செயற்குழுவுக்குப் பெயர்கள் முன்மொழியப்பட்டு வழிமொழியப்படும். பெயர் வந்தோர் அனைவர்க்கும் என் வாழ்த்துகள்.  வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!