கோலமும் கணிப்பொறியும்



ஆலயத்தில் கல் எழுமுன் நிலத்தில் கோடு எழுகிறது. ஸ்தபதி நிலத்தைச் சதுரமாக்கிப் பதங்களாகப் பகுக்கிறார். 64 பதங்கள் கொண்டது மண்டூகம். 81 பதங்கள் கொண்டது பரமசாயிகம். பரமசாயிகத்தின் நடுவே 9 பதங்கள் பிரமனுக்குரியவை. ஏனைய தேவதைகள் நாற்பத்துநால்வரும் அவனைச் சூழ அமர்கின்றனர்.

இக்கணக்குக்கு இல்லத்து வாயிலில் ஓர் உடன்பிறப்பு உண்டு. புள்ளி ஒன்றையும் விடாது வளைத்து, புறப்பட்ட இடத்திற்கே வந்து சேரும் சிக்குக்கோலத்தை எழுத்தறியாத பாட்டிமாரும் பிழையின்றி இட்டனர். ஆயினும், அதனைக் கணிதமென்று மதித்தவர் நெடுங்காலம் அரியர்.

அக்குறையைத் தீர்த்தவர்களுள் தலையாயவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியராக விளங்கிய கிஃப்ட் சிரோமணி. ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோருடன் அவர் 1974-இல் வெளியிட்ட கட்டுரை கோலத்திற்கு இலக்கணம் வகுத்தது. சொற்கள் வாக்கியமாவதற்கு விதி இருப்பதுபோல், சிறு வடிவங்கள் அடுக்குண்டு பெருங்கோலமாவதற்கும் விதி உண்டு. அவ்விதியைக் கணிப்பொறிக்கு உரைத்தால் அதுவும் வரையும். அதே ஆண்டில் வெளிவந்த மாமல்லபுர ஆராய்ச்சி நூலொன்றின் ஆசிரியர்களுள்ளும் அவர் ஒருவர். கல்லையும் மாவையும் ஒருங்கே நோக்கிய கண் அது!

செடிகளின் வளர்ச்சியை விளக்க லிண்டன்மாயர் என்னும் அறிஞர் 1968-இல் விதிமுறை ஒன்றை அமைத்தார். பின்னாளில் புருசின்கீவிச் என்பார் அவ்வகை விதிகளைக் கொண்டே, கண்ணனின் காற்சிலம்பு எனப் பொருள்படும் பெயருடைய கோலத்தைக் கணிப்பொறியில் வரைந்து காட்டினார். துளிரும் கோலமும் ஒரே முறையில் விரிவது வியப்பன்றோ!

பாரிஸில் வாழ்ந்த வேரா மோல்னார் (1924–2023) என்னும் அம்மையார் 1968 முதல் கணிப்பொறியால் ஓவியம் படைத்தார். சதுரத்துக்குள் சதுரம் வைத்து, அவ்வொழுங்கைச் சற்றே குலைத்துப் பார்த்தார். அவர் சதுரங்களை வாஸ்து மண்டலத்தின் வழிவந்தவை எனப் பெருமை பேசுதல் பொருந்தாது, நோக்கமே வேறு. ஓவியத்தில் கோடு கோணினால் அழகு; மண்டலத்தில் கோணினால் குற்றம். ஒன்று கண்ணுக்கு விருந்து. மற்றொன்று தெய்வத்திற்கு இருக்கை.

மற்றுமொரு வேற்றுமை உண்டு. கணிப்பொறி ஒரு வடிவத்தை ஆயிரம் முறை மாறாமல் தரும். யாகசாலையிலோ கிழக்கே சதுரம், தெற்கே பிறை, மேற்கே வட்டம், வடக்கே தாமரை என நூலளந்து சமைத்த குண்டங்கள் விழா முடிந்ததும் கலைக்கப்படுகின்றன. விடியலில் இட்ட அரிசிமாக் கோலத்தையும் நண்பகலுக்குள் எறும்புகள் உண்டுவிடும். மறுநாள் விடியலில் வேறொரு கோலம்.