மயங்கிய மழலையின் மூச்சு

அரியலூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. அங்கே பயில விழைவோர்க்குப் பெரம்பலூரில் கணக்குக் கற்பித்த நான் ஒரு கணக்குத் தருகிறேன். பச்சிளங்குழந்தையின் மூச்சுக்குழல் விட்டம் சுமார் 4 மில்லிமீட்டர். உட்சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் விட்டம் 2. பரப்போ நான்கில் ஒன்று! மயக்கமருந்து கொடுத்தபின் குரல்நாண்களுக்கிடையே செலுத்தும் குழாய் உரசினால் இவ்வீக்கம் நேரலாம். ஆர்ச்சி பிரெய்ன் என்னும் மருத்துவர் 1981-இல் கண்ட குரல்வளை முகமூடியோ உள்ளே நுழையாது. வாயிலில் கவிந்து நிற்கும். அதன் விளிம்பிற் காற்றடைக்க வேண்டும். பின்வந்த ஐ-ஜெல்லுக்கு அதுவும் வேண்டா. சிறிய அறுவைக்கு இவை நன்று. ஆயினும் வயிற்றில் உணவிருப்பின், அது நுரையீரலுக்குட் செல்லாமற் காப்பதிற் குழாயே மேல். தாய்ப்பாலாயினும் 4 மணி நேரம் முன்னரே நிறுத்தச் சொல்வது இதனால்தான். நம் பாட்டிமார் இரக்கப்பட்டு ஒளித்து ஊட்டிவிடுவர்! அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டால், எக்கருவி என்பதை அவர் அதற்கேற்ப முடிவு செய்வார்.