நெற்றியின் பாரம்

 

ஐவேளைக் கடமைத் தொழுகையில் நாளுக்கு 17 ரக்அத்துகள். ரக்அத்துக்கு இரண்டாக 34 ஸுஜூதுகள், அதாவது நெற்றியை நிலத்தில் வைத்து வணங்குதல். இத்தனை முறை செய்வதைச் சரியாகச் செய்கிறோமா என்று கேட்பதே என் உரையின் நோக்கம்.

ஸுஜூதில் ஏழு உறுப்புகள் நிலத்தில் பட வேண்டும் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்து, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான நபிமொழி: நெற்றி, இரு உள்ளங்கைகள், இரு முழங்கால்கள், இரு பாதங்களின் விரல்கள். நெற்றியைச் சொன்னபோது நபியவர்கள் மூக்கையும் சுட்டிக் காட்டினார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களாகிய நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் (சட்ட வழியில்) முதலில் முழங்கால், பிறகு கை, பிறகு நெற்றியும் மூக்கும். உள்ளங்கைகள் தோளுக்கு நேராக இருக்க, கைவிரல்கள் சேர்ந்து கிப்லாவை (தொழும் திசையை) நோக்கும். கால்விரல்களும் அப்படியே மடிந்து கிப்லா பார்க்க வேண்டும். ஆண்கள் முழங்கைகளை விலாவிலிருந்து விலக்கி, வயிற்றைத் தொடையில் படாமல் தூக்குவர். பெண்கள் ஒடுக்கி வைப்பர். முன்கையைத் தரையில் பரப்புவதை நபியவர்கள் தடுத்தார்கள்.

நாம் அதிகம் கவனிக்காதது நெற்றியின் பாரம். பட்டால் மட்டும் போதாது, தலையின் கனம் கீழே இறங்க வேண்டும். கீழே பஞ்சு இருந்தால் அது அமுங்கும் அளவுக்கு அழுத்த வேண்டும் என்று ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அறிஞர்கள் அளவு சொன்னார்கள். தடித்த கம்பளங்கள் விரித்த இன்றைய பள்ளிவாசல்களில் இச்சட்டம் முன்னெப்போதையும்விடத் தேவை. தொப்பி கீழிறங்கி நெற்றி முழுவதையும் மறைத்தால், அந்த ஸுஜூது நம் மத்ஹபில் நிறைவேறாது. உறுப்புகள் அடங்கி நிலைகொள்ளும்வரை எழவும் கூடாது.

இவற்றை ஏடு மட்டும் கற்றுத் தராது. பிள்ளை பெரியவரின் பக்கத்தில் நின்று பார்த்துப் பழக வேண்டும். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த கல்விமான் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களும் இப்படிக் குர்ஆன் மத்ரஸாவிலும், பின்னர் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். யாழ்ப்பாணத்தில் அத்தகைய மத்ரஸாக்களின் தொடர்ச்சியை 1990 ஒக்டோபர் 30 அறுத்தது. விடுதலைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அது அநீதி. வடக்கு முழுவதிலுமாக ஏறத்தாழ 75,000 பேர் வேரிழந்தார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தார்கள். கற்றுக்கொடுத்த மூத்தவர்கள் பலர் ஊர் திரும்பாமலே மண்ணறை சேர்ந்தார்கள்.

கதிரையில் தொழுவோர் பற்றியும் சொல்ல வேண்டும். முழங்கால் மடங்காதவருக்கு மார்க்கம் இடமளிக்கிறது: ருகூவைவிட (நின்று குனிவதற்கு ஈடான குனிதலைவிட) ஸுஜூதுக்கு அதிகம் குனிந்தால் போதும். குனிந்து நிலம் தொட முடிந்தவர் கதிரையை நாடுவது சரியல்ல.

ஊர் திரும்பிய குடும்பங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. பள்ளிவாசல் சுவர்களைக் கட்டிவிட்டீர்கள். இனி மஃரிப் (மாலைத்) தொழுகைக்குப் பிறகு பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் இருங்கள்; அவர்கள் ஸுஜூதில் இருக்கும்போது கால்விரல்களை உங்கள் கையாலேயே கிப்லாவுக்குத் திருப்பி விடுங்கள்.