சொன்னதும் காட்டியதும்



நம் மக்கள் ஒரு நோய்க்கு ‘இரத்தக் கொதிப்பு’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். சுவையான பெயர்தான், ஆனால் மருத்துவனாகிய எனக்கு அப்பெயர் தந்த தொல்லை கொஞ்சமன்று. கொதிப்பு என்றால் உடல் சுட வேண்டும்; கோபம் பொங்க வேண்டும்; தலை வலிக்க வேண்டும். இவற்றுள் ஒன்றும் இல்லையானால் நோயும் இல்லை என்றுதானே எவரும் எண்ணுவர்? உண்மை அதுவன்று. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் யாதொரு அறிகுறியும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் உடலில் குடியிருக்கும். உலகில் வயது வந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு என்றும், அவர்களில் பாதிப்பேர் வரை அதனை அறியாமலேயே இருக்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் அறிவித்தது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்லுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயி தலைவலி என்று என்னிடம் வந்தார். வயது 50 இருக்கும். அழுத்தம் 180-க்கு 110 இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தேன். உப்பைக் குறைக்கச் சொன்னேன். ஒரு நாளும் மாத்திரையை விடலாகாது என்றும் சொன்னேன். அவரும் தலையசைத்துச் சென்றார். இரண்டு மாதத்தில் தலைவலி நின்றது, மாத்திரையும் நின்றது. அடுத்த ஆண்டு அவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். வலக் கையும் காலும் செயலற்றுப் போயிருந்தன, பேச்சும் குழறிற்று.

அவருடைய மனைவிக்கு நடந்ததை விளக்க எண்ணி, ஒரு தாளில் இரத்தக் குழாயை வரைந்தேன். “இது உங்கள் தோட்டத்து நீர்க்குழாய் போன்றது. அளவுக்கு மீறிய வேகத்தில் நாளெல்லாம் நீர் மோதினால் குழாய் என்ன ஆகும்? அப்படியே இங்கும் உட்சுவர் புண்படுகிறது, சுவர் தடித்து வழி குறுகுகிறது, ஒரு நாள் மூளைக்குச் செல்லும் குழாய் அடைபடுகிறது, அல்லது வெடிக்கிறது” என்றேன். அந்த அம்மையார் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஐயா, இந்தப் படத்தை அன்றைக்கே அவருக்குக் காட்டியிருக்கக் கூடாதா?” என்று கேட்டார். அக்கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை. நான் சொன்னேன், காட்டவில்லை.

அன்று முதல் என் மேசைமீது படங்கள் இடம்பெற்றன. நோயாளி ஒவ்வொருவருக்கும் கட்டமிட்ட அட்டை ஒன்று கொடுக்கலானேன். அதில் 140 என்ற அளவில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். வரும்போதெல்லாம் அன்றைய அளவை நோயாளியே புள்ளியாக வைக்க வேண்டும். மாத்திரையை விட்டவருடைய புள்ளி கோட்டைத் தாண்டி நிற்பதுண்டு. அப்போது நான் கடிந்துகொள்ளத் தேவையே இராது. “இந்த மாதம் தவறிவிட்டது, டாக்டர்” என்று அவரே சொல்லிவிடுவார். எழுத்தறியாத மூதாட்டி ஒருவர் தம் புள்ளி கோட்டுக்குக் கீழே இறங்கிய நாளில் அந்த அட்டையைப் பக்கத்து வீட்டாருக்கெல்லாம் காட்டினாராம்!

இது என் ஒருவனுடைய எண்ணம் மட்டுமன்று. சுவீடன் நாட்டின் வடபகுதியில் வெஸ்டர்போட்டன் என்னும் மாநிலம் இருக்கிறது. அங்கே 2013 முதல் 3,532 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. எல்லோருடைய கழுத்துத் தமனிகளையும் ஒலியலைக் கருவியால் படம்பிடித்தார்கள். ஒரு பாதியினருக்கு மட்டும், அவர்களுடைய தமனியின் நிலையைப் பச்சை முதல் சிவப்பு வரையிலான வண்ணப் படமாக அனுப்பினார்கள். அவர்களுடைய மருத்துவருக்கும் அனுப்பினார்கள். பின்னர்ச் செவிலியர் தொலைபேசியில் அழைத்து விளக்கினார். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இதய நோய்க்கான மொத்த அபாய மதிப்பீடு படம் பெற்றவர்களிடையே சற்றுக் குறைந்திருந்தது; பெறாதவர்களிடையே சற்று ஏறியிருந்தது. முடிவுகள் 2019-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தன. வேறுபாடு பெரிதன்று; இரத்த அழுத்தம் ஒன்றை மட்டும் அளந்த ஆய்வும் அன்று. எனினும் ஒரு படத்துக்கும் சில நிமிட உரையாடலுக்கும் அத்துணை ஆற்றல் உண்டென்பது சிந்திக்கத் தக்கது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. படம் அச்சுறுத்துவதற்கன்று. வெடித்த குழாயை மட்டும் காட்டி அனுப்பினால், அஞ்சியவர் மருத்துவமனைப் பக்கமே திரும்பார். ஆபத்தைக் காட்டும் கை வழியையும் காட்ட வேண்டும்: நாள்தோறும் மாத்திரை, நடை, புகையிலை நீக்கம், நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு.

மாணவர்களே, கணித வகுப்பில் நீங்கள் வரைபடம் வரையக் கற்கிறீர்கள். அக்கலையை இன்று மாலையே வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். பாட்டியோ தந்தையோ இந்நோய்க்கு மருந்து உண்பவராயின், அவருடைய சீட்டுகளில் உள்ள அளவுகளைத் தேதி வாரியாகப் புள்ளியிட்டு இணையுங்கள். வீட்டில் கருவி இருந்தால், அவர் 5 நிமிடம் அமைதியாக அமர்ந்தபின், கையை இதய மட்டத்தில் தாங்கி வைத்து அளந்து குறியுங்கள். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் வேலையன்று. அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுவது உங்கள் வேலை.

அந்த விவசாயி பிறகு கோலூன்றி நடந்தார். அவருடைய அட்டையில் புள்ளி வைத்தவன் ஏழாம் வகுப்பில் படித்த அவருடைய பேரன். ஒரு மாதமும் அவன் தவறவில்லை. நான் பிந்திச் செய்ததை நீங்கள் முந்திச் செய்யுங்கள்.