காசு கேட்கப் போகும் பிள்ளைகளுக்கு

பெங்களூரில் ஒக்கலிபுரத்திலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் பீன்யா தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நானும் அங்கே ஒரு எந்திரப் பட்டறையில் ஆர்டர் பிடிக்கிறவன்தான்.

போட்டி சீசன் நெருங்கினால் இன்ஜினீயரிங் பிள்ளைகள் ஃபைலும் கையுமாக வந்துவிடுவார்கள். "ரேஸ் கார் கட்டுறோம், ஸ்பான்சர் பண்ணுங்க சார்." இத்தனை லட்சம் துண்டு விழுகிறது என்று கணக்கும் காட்டுவார்கள். முதலாளி மனம் இரங்கி, ஏதோ கொடுத்து அனுப்பிவைப்பார்.

ஒரு பெண் மட்டும் பணப் பேச்சையே எடுக்கவில்லை. பையிலிருந்து ஒரு அலுமினியப் பாகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். பேரிங் உட்காரும் துளைக்குள் விரலை விட்டு, "இங்க லூஸாயிடுது சார். மெட்டீரியல் நாங்க தர்றோம். உங்க சி.என்.சி. சும்மா நிக்கிற நேரத்துல நாலு பீஸ் ஓட்டிக் கொடுத்தாப் போதும். வண்டியில உங்க பேரு இருக்கும். லீவுல எங்க பசங்க ரெண்டு பேர் இங்க வந்து வேலை பார்ப்பாங்க" என்றாள். முதலாளி அப்போதே ஆபரேட்டரைக் கூப்பிட்டுவிட்டார்.

கவனித்தீர்களா? கல்லாவில் கைவைக்காமல் எங்களால் எதைக் கொடுக்க முடியுமோ அதைக் கேட்டாள். எங்களுக்கு எது கிடைக்காமல் திண்டாடுகிறோமோ, வேலை தெரிந்த ஆள், அதைத் தருவதாகச் சொன்னாள். பத்து வருட சேல்ஸ்மேனுக்கும் இது லேசில் வராது.

இந்தப் பேச்சுத் திறமைக்குப் போட்டியிலும் மதிப்புண்டு. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் மாணவர் ரேஸ் கார்களுக்காக நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியிலேயே, 1000 புள்ளிகளில் 75 வணிகத் திட்டத்தை நடுவர்முன் எடுத்துச்சொல்வதற்குத்தான். ஓட்டினால் மட்டும் போதாது!

பெரிய கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். விளம்பர லாபத்துக்காகச் செய்யும் ஸ்பான்சர்ஷிப்பை சி.எஸ்.ஆர். எனும் சமூகப் பொறுப்புச் செலவுக் கணக்கில் காட்ட முடியாதென்று சி.எஸ்.ஆர். விதிகளின் 2021 திருத்தம் தெளிவாகச் சொல்லிவிட்டது. லோகோ போடுகிறோம் என்றால் மார்க்கெட்டிங் மேனேஜரைப் பாருங்கள். சி.எஸ்.ஆர். அதிகாரியிடம் லோகோ பேச்சு எடுபடாது.

நேரமாகிறது, ஸ்டுட்சாட்டைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. பெங்களூரு, ஹைதராபாத்தைச் சேர்ந்த ஏழு கல்லூரிகளின் மாணவர்கள் செய்த, ஒரு கிலோகூட இல்லாத செயற்கைக்கோள். 2010 ஜூலை 12 அன்று பி.எஸ்.எல்.வி. சி-15 ராக்கெட்டில் போனது. செலவை அந்தக் கல்லூரிகளே பகிர்ந்துகொண்டன. ஏழு நிர்வாகங்களை ஒரே திட்டத்துக்குச் சம்மதிக்க வைப்பது சாமானிய வியாபாரமா, சொல்லுங்கள்!

பட்டறை வைத்திருக்கும் நேயர்களே, இந்த சீசனில் பிள்ளைகள் வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பாமல், கால் மணி நேரம் உட்காரவைத்துப் பேசவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.