கைக்குழந்தையைத் தத்துக் கொடுத்தலும் தத்தெடுத்தலும்

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான கலந்துரையாடலில் ஆற்றிய உரை)



ஊர் திரும்பிய பிறகு வீடு, கிணறு, காணி பற்றியெல்லாம் பேசினோம். இன்று கைக்குழந்தைகளைப் பற்றிப் பேசுவோம். துணையில்லாமல் பிள்ளை பெற்ற தாய்மாரும் பிள்ளையில்லாத குடும்பங்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். “அவள் கொடுக்கிறாள், நாங்கள் எடுக்கிறோம். இதற்கேன் நீதிமன்றம்?” என்று சிலர் கேட்கிறார்கள்.

முத்திரை ஒட்டிய கடதாசியில் கையெழுத்து வாங்கினால் அது தத்தெடுப்பு ஆகாது. வேறொருவரைத் தாயென்று சொல்லிப் பிறப்பைப் பதிவது குற்றம். பிற்காலத்தில் அடையாள அட்டை, காணிப் பங்கு என்று வரும்போது அந்தரப்படுவது பிள்ளைதான். எண்பதுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் வெளிநாடுகளுக்குக் கொடுக்கப்பட்டபோது தரகர்கள் காசு பார்த்தார்கள். பெற்ற தாயைத் தேடி இன்று வருகிறவர்களில் பலரிடம் இருப்பது பொய்யான பத்திரம்.

முதலில் பெற்ற தாய்க்குச் சொல்கிறேன். பிள்ளையைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று உங்களை யாரும் வற்புறுத்த முடியாது. தாய் தகப்பனோ கணவர் வீட்டாரோகூட. வறுமைதான் காரணமென்றால் முதலில் குடும்பநல மாதுவிடமும், பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் கதையுங்கள். பிள்ளையை உங்களோடு வைத்திருக்க என்ன உதவி உண்டென்று கேளுங்கள். எப்படியானாலும் பிறப்பை 42 நாட்களுக்குள் உங்கள் பெயரிலேயே பதியுங்கள். கணவர் காணாமற் போயிருந்தால் அதை மறைக்க வேண்டாம். கண்டுபிடிக்க முடியாதவரின் சம்மதம் இல்லாமலும் தீர்மானிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு.

கொடுப்பதென்றே முடிவெடுத்தால், கட்டளை பிறந்தபின் பிள்ளைமீது உங்களுக்குள்ள உரிமை நிரந்தரமாக நீங்கும். அது உங்களுக்கு விளங்கியதா என்பதை நீதிபதி உறுதிசெய்துகொள்வார். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்றே சொல்லுங்கள்.

இனி எடுக்க விரும்புவோருக்கு. 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி பொதுவாக உங்களுக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். பிள்ளையைவிட 21 வயதாவது கூட இருக்க வேண்டும். உறவுப் பிள்ளையென்றால் சில விலக்குகள் உண்டு. நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் விண்ணப்பியுங்கள். உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். உங்கள் வீடு தகரக் கொட்டிலா கல்வீடா என்பதைவிட, பிள்ளை அங்கே பாதுகாப்பாக வளருமா என்பதே முக்கியம். கட்டளையை மாவட்ட நீதிமன்றமே வழங்கும். அதன்பின் அது உங்கள் வயிற்றில் பிறந்த பிள்ளைக்குச் சமன். நீதிமன்றத்தின் அனுமதியின்றிக் காசோ நகையோ கைமாறக் கூடாது.

பிள்ளையிடம் உண்மையை மறைக்காதீர்கள். அயலவர் வாயால் பதினைந்து வயதில் கேட்பதைவிட, உங்கள் மடியிலிருந்து சிறுவயதிலேயே கேட்பது நல்லது. பெற்றவளைப் பழித்து ஒரு சொல்லும் சொல்லாதீர்கள்.

அயலவர்களே, கொடுத்த தாயைக் குத்திக் கதைக்க வேண்டாம். பிள்ளை பிரிந்த பின் அவளுக்குப் பால் கட்டும், காய்ச்சல் வரும், நித்திரை வராது. கிளினிக்குக்குக் கூட்டிப் போக ஒருவர் வேண்டும்.

எங்காவது குழந்தைக்கு விலை பேசப்படுவதாக அறிந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு உடனே அறிவியுங்கள்.

உங்கள் கேள்விகளைக் கேட்கலாம். எல்லோர் முன்னாலும் கேட்க விரும்பாதவர்கள் கூட்டம் முடிந்ததும் தனியே வாருங்கள்.