பண்டிகை விருந்தினரும் குழந்தை மனமும்

தாயகத்தை விட்டுத் தொலைவில், தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ இல்லறம் நடத்தும் தமிழர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு சோதனை நேருவதுண்டு. ஆவணி மாதத்துக் கோகுலாஷ்டமியன்று வாசற்படியிலிருந்து பூஜையறை வரையில் சின்னஞ்சிறு பாதங்களை மாக்கோலமாக இடுகிறோம். கண்ணன் வருகிறான் என்று குழந்தைகளிடம் கூறுகிறோம். சில மாதங்களில் டிசம்பர் வந்துவிடுகிறது. பள்ளியிலும் கடைத்தெருவிலும் சிவப்பு அங்கியணிந்த கிறிஸ்துமஸ் தாத்தா நிற்கிறார். இரவில் அவர் வந்து பரிசு வைத்துவிட்டுப் போவார் என்று குழந்தை கேள்விப்படுகிறது. "அவர் நிஜமாகவே வருவாரா? அன்றைக்குக் கண்ணன் நிஜமாகவே வந்தானா?" என்று இரண்டையும் சேர்த்தே நம்மிடம் கேட்கிறது. இத்தகைய நம்பிக்கைகளைப் பெற்றோர் ஊக்கி வளர்க்கலாமா, கூடாதா என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

தெய்வத்தையும் கதைமாந்தரையும் ஒரே தராசில் நிறுக்கும் எண்ணம் நமக்கு இல்லை. இறைநம்பிக்கை வேறு, இன்ன இரவில் இன்னார் நம் வீட்டுக்கு வந்துபோனார் என்று சொல்வது வேறு. பின்னதைப் பற்றியே பேசுகிறோம்.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் வரலாறு சுவை மிக்கது. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி நாட்டிலுள்ள மைரா என்னும் ஊரில் ஆயராக விளங்கிய நிக்கோலஸ் என்பவரின் நினைவே அதன் வித்து. டச்சு மக்கள் வழங்கிய 'சிண்டர்கிளாஸ்' என்ற பெயர் அமெரிக்காவில் 'சாண்டா கிளாஸ்' ஆயிற்று. 1823ஆம் ஆண்டில் பெயரின்றி வெளியான ஒரு கவிதை அவருக்கு எட்டு மான்கள் இழுக்கும் பனிவண்டியை அளித்தது. 1863 முதல் தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் வரைந்த படங்கள் அவருடைய தோற்றத்தை நிலைநாட்டின. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் மற்றொரு வியப்பும் உண்டு. தமிழில் அவரை ஆயர் என்று அழைக்கவில்லை. முறை சொல்லித் 'தாத்தா' என்றே அழைத்துவிட்டோம். அன்போடு வரும் முதியவரை வேறெவ்வாறு அழைப்பது?

அந்நாட்டிலும் இதே கேள்வி எழுந்தது. 1897ஆம் ஆண்டில், வர்ஜீனியா ஓஹான்லன் என்ற எட்டு வயதுச் சிறுமி, சாண்டா கிளாஸ் உண்டா என்று கேட்டு நியூயார்க்கின் 'சன்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாள். பிரான்சிஸ் சர்ச் எழுதிய தலையங்கம், அன்பும் ஈகையும் உலகில் எவ்வாறு உண்டோ அவ்வாறே அவரும் உண்டு என்று விடையளித்தது. அழகான விடைதான், இன்றளவும் போற்றப்படுவதுதான். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். தன் தோழர்கள் இல்லையென்று சொல்வதைக் குறிப்பிட்டு, உண்மையைக் கூறுமாறே அவள் கேட்டாள். அவளுக்குக் கிடைத்ததோ உவமை.

இவ்வழக்கத்தில் இரண்டு குறைகள் நமக்குப் புலப்படுகின்றன. முதலாவது, நல்ல பிள்ளைகளுக்கே பரிசு என்ற நிபந்தனை. ஒரே வகுப்பில் ஒரு சிறுவனுக்கு மிதிவண்டி கிடைக்கிறது. மற்றொருவனுக்கு ஒரு மிட்டாய்ப் பொட்டலம். தந்தையரின் சம்பள வேறுபாடு அதற்குக் காரணமென்று குழந்தை அறியாது. தான் அத்தனை நல்லவனல்லன் போலும் என்றே எண்ணும். இரண்டாவது, அச்சுறுத்தல். ஆஸ்திரியா முதலிய நாடுகளில் டிசம்பர் 5ஆம் தேதி இரவு கிராம்பஸ் என்னும் கொம்புள்ள உருவம் குறும்புக் குழந்தைகளை மிரட்ட வரும். நம் வீடுகளில் சோறூட்டப் பூச்சாண்டியை அழைப்பதும் அதற்கு உடன்பிறப்பே. அன்பில் முளைத்த கதையைப் பிரம்பாக்குவது முறையன்று.

அப்படியாயின் கதைகளையே விட்டுவிடுவதா? வேண்டியதில்லை. கேரளத்து ஓணத்தைப் பாருங்கள். மாவேலி மன்னர் ஆண்டுக்கொருமுறை தம் மக்களைக் காண வருகிறார் என்பது ஐதிகம். அவரை வரவேற்கக் குழந்தைகளே பூப்பறித்து வந்து பூக்களமிடுகின்றனர். வடகேரளத்தில் ஓணப்பொட்டன் வேடம் பூண்டவர் மணியசைத்தவாறு வீடு வீடாக வருவார். ஒரு சொல்லும் பேசமாட்டார். பேசாதவர் பொய்யும் உரைப்பதில்லை! நம் கோகுலாஷ்டமிப் பாதங்களும் அத்தகையனவே. மடக்கிய கையின் பக்கவாட்டை அரிசிமாக் கரைசலில் தோய்த்து ஒற்றினால் உள்ளங்கால். விரல்நுனியால் ஐந்து புள்ளிகள் வைத்தால் கால்விரல்கள். அதைக் குழந்தையின் கையாலேயே இடச் செய்யலாம். தானே இட்ட பாதமென்று அறிந்தும், அதை மிதிக்காமல் ஒதுங்கி நடக்கும் அக்குழந்தை. அங்கே ஏமாற்றுவோரும் இல்லை, ஏமாறுவோரும் இல்லை. எல்லோரும் கூடி ஆடும் புனிதமான ஆட்டம் அது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. சொந்த ஊரில் ஒரு பண்டிகைக்குத் தெருவே சாட்சி. பாட்டி சொல்வாள், அடுத்த வீட்டு மாமி சொல்வாள், கோயில் மணி சொல்லும். இங்கே, பலமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், தாய் தந்தையரின் சொல் ஒன்றே சாட்சி. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கடைவீதி முழுவதும் துணை நிற்கிறது. கண்ணன் பாதத்துக்கோ நம் வாய்ச்சொல்லே துணை. அதனாலேயே, சற்று மிகைப்படுத்தியேனும் நம்பவைத்துவிடுவோம் என்ற ஆசை நமக்கு எழுகிறது. அங்கேதான் எச்சரிக்கை தேவை. ஒரு நாள் அச்சொல் பொய்யென்று குழந்தை கண்டுகொண்டால், அந்த ஒரு கதையோடு நில்லாது. நம் மொழியைப் பற்றியும் முன்னோரைப் பற்றியும் நாம் சொன்ன அனைத்தின்மீதும் ஐயம் படரும். அதைத் துடைக்க இங்கே பாட்டியும் இல்லை, தெருவும் இல்லை.

ஆதலால் நம் முடிவு இதுவே. கதையை மனமாரச் சொல்லுங்கள். ஆனால் அதற்குச் சத்தியம் செய்யாதீர்கள். கதையைப் பரிசுக்கு விலையாகவோ குற்றத்துக்குத் தண்டனையாகவோ ஆக்காதீர்கள். குழந்தை விளையாட்டாகக் கேட்டால் விளையாட்டாகவே, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேளுங்கள். முகத்தை நேரே நோக்கி, "உண்மையைச் சொல்லுங்கள், அப்பா" என்று கேட்கும் நாளில் உண்மையையே சொல்லுங்கள். அதன்பின், "இனி தம்பிக்கு நீதான் பாதம் போட்டுக் காட்டவேண்டும்" என்று மாக்கிண்ணத்தை அதன் கையில் கொடுங்கள். நம்பிக்கை போய்விட்டதே என்று அது வருந்தாது. பெரியவர்களின் கூட்டத்தில் தனக்கும் ஓர் இடம் கிடைத்ததென்று மகிழும்.